டீசல் காசு வந்ததும்

ஜனவரி 4

ஆபீசில் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் புது வருஷ டைரி கொடுத்தார்களாம். அட்டையில் பேரிங் படம். வீட்டுக்காரர் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"எனக்கு எதுக்குப் புள்ள இது? நீ எழுது. எழுதற நேரமாவது என்ற காது சும்மா இருக்கும்" என்றார்.

முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருக்கிறது. துளசிமணி. முகவரி, சுந்தராபுரம், கோயம்புத்தூர். தொழில் என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "வாய்னு எழுது" என்கிறார் மனுஷன்.

சொன்னதிலும் தப்பில்லை. ஓசூர்ப் பக்கம் கார் கம்பெனிகளில் ஏதாவது ஒரு சாமான் திடீரென்று தீர்ந்துபோகும். ஒரு வளையம், ஒரு மூடி, உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான். அது இல்லையென்றால் அங்கே மொத்த வேலையும் நின்றுவிடுமாம். பெரிய லாரி நிறைகிறவரைக்கும் காத்திருக்க முடியாது. உடனே நம் ஆபீசுக்குப் போன் வரும். ஆபீசிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் "அர்ஜென்ட், ஓசூர்" என்று விழும். யார் முதலில் "ரெடி" போடுகிறார்களோ அவர்கள் வண்டிக்கு லோடு. எங்களுடையது பின்னால் மூடின பாடி கட்டிய குட்டி யானை. "ரெடி" போடுவது என் வேலை. அவர் தட்டி முடிப்பதற்குள் இன்னொருத்தன் பாதி தூரம் போயிருப்பான்.

இன்னொரு வேலை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போவது. நிற்காமல் ஓட்ட வேண்டிய லோடு. கண் அசந்துவிடக் கூடாது. முன்னால் கூட ஒரு டிரைவர் வைத்திருந்தோம். அவனுக்குக் கூலி கொடுத்தால் எங்களுக்கு மிஞ்சுவது டீ. அதனால் நான் ஏறிவிட்டேன். சொந்தக்காரர் கதை, சீரியல் கதை எல்லாம் தீர்ந்தால் ரோட்டோர போர்டுகளை ஒன்று விடாமல் வாசிப்பேன். உடுமலையில் கட்டிக்கொடுத்த மகள் மோகனாவுக்கு இது வெட்கக்கேடு. "லாரில சுத்தற பொம்பளையாட்ட என்னம்மா இது" என்கிறாள். இது லாரி இல்லை கண்ணு, குட்டி யானை என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 9

டீசல் மறுபடியும் ஏறிவிட்டது. நம் ரேட்டு மட்டும் போன வருஷத்து ரேட்டேதான். அதுவும் போகிற தூரத்துக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. திரும்பி வருவது நம் பாடு. ரிட்டன் லோடு கிடைத்தால் அன்றைக்கு நரி முகத்தில் முழித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பெருந்துறையில் டீ குடிக்கும்போது வேறொரு ஆபீஸ் வண்டிக்காரர் சொன்னார். அவர்கள் ஆபீசில் டீசல் ஏறினால் ஏறினதுக்குத் தகுந்தாற்போல கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாகப் போட்டுக் கொடுக்கிறார்களாம். டீசல் சர்சார்ஜ் என்று பெயராம். நாங்கள் டீசல் காசு என்று சொல்லிக்கொள்கிறோம்.

"நீங்களும் போய்க் கேளுங்க" என்றேன் இவரிடம்.

"கேட்டா அடுத்த லோடு போடறப்ப நம்ம நம்பர் கண்ணுக்குத் தெரியாமப் போயிரும் புள்ள."

"அப்ப இப்படியே கைக்காசு போட்டு ஓட்டலாம்."

"பாக்கலாம். அவிகளே தருவாங்க."

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்து தட்டைப் போடும்போது சொல்லிவிட்டேன். "கேக்கற வாயும் இல்ல, மிச்சம் புடிக்கற கையும் இல்ல. வண்டி ஓட்டறவன் அத்தனை பேரும் ஏதோ ஒண்ணு மிச்சம் பண்றான். நீங்க மட்டுந்தான் பங்க்குக்காரனுக்குப் பொறந்த நாள் கொண்டாடறீங்க."

சாப்பிட்டார். மோர் கேட்டார், ஊற்றினேன்.

ஜனவரி 10

அவர் உம்மென்று இருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

ஜனவரி 18

பொங்கலுக்கு வந்த இடத்தில் மோகனா விடவில்லை. உடுமலையிலேயே இருக்கிறேன். அவர் மட்டும் தனியாக ஓசூர் போய்விட்டு வந்தார், இரண்டு தடவை. போனில் கூப்பிட்டு, "கண்ணு சொக்குதா?" என்று கேட்டால், "நீ இல்லாம நிம்மதியாத் தூக்கமே வரல" என்கிறார். இதைப் புகழ்ச்சியாக எடுப்பதா, திட்டாக எடுப்பதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஜனவரி 25

வீட்டுக்கு வந்தால் அதிசயம். பணத்தை எடுத்து என் கையில் வைக்கிறார். வழக்கத்துக்கு மேலே இருக்கிறது.

"ஏதுங்க?"

"நீதான மிச்சம் புடிக்கச் சொன்ன."

லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கொடுக்கிறதாம் வண்டி. எப்படி என்று கேட்டால் சிரிக்கிறார். மெக்கானிக் லூர்து பம்ப்பைத் தட்டிக் கொட்டிச் சரி பண்ணியிருப்பான். கெட்டிக்காரப் பையன். அவனுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்ப வேண்டும்.

சந்தோஷத்தில் ஒரு பிளாஸ்க் வாங்கினேன், சிவப்பு. இனிமேல் வழியில் டீக்குக் காசு கொடுக்க வேண்டாம். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் மனசு வைத்தால் முடிகிறது. அதை அவரிடமே சொன்னேன். காது வரைக்கும் சிவந்துபோனார்.

பிப்ரவரி 1

இதை எழுத மனசில்லை. ஆனால் எழுதி வைக்க வேண்டும்.

ஓசூரில் லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்தோம். தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலத்துப் பக்கம் வரும்போது ரோடு கிறுகிறுவென்று இறங்கும். வளைவுக்கு வளைவு போலீஸ் போர்டு. நான் வழக்கம்போல வாசித்துக்கொண்டே வந்தேன். "விபத்துப் பகுதி. மெதுவாகச் செல்லவும். நியூட்ரலில் வாகனத்தை இயக்காதீர்."

அப்புறம்தான் கவனித்தேன். வண்டியில் சத்தமே இல்லை. நான் வாசிக்கிறது எனக்கே தெளிவாகக் கேட்கிறது. எந்நேரமும் கத்துகிற இந்த வண்டியில் நான் தொண்டை கிழியத்தான் பேசுவேன். எட்டிப் பார்த்தால் கியர்த் தடி தொளதொளவென்று நடுவில் ஆடுகிறது. இவர் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கிறார். ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு வாடை.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. எறக்கந்தான. இஞ்சின் எதுக்கு டீசலக் குடிக்கணும்?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் சர்சர்ரென்று தாண்டிப்போயின. கியரில் போனால் இஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நியூட்ரலில் விட்டால் பிரேக் ஒன்றுதான் கதி. இது எனக்கே தெரியும், இத்தனை வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தெரியாதா? நான் உடுமலையில் பச்சரிசிப் பொங்கல் தின்றுகொண்டிருந்தபோது இந்த மனுஷன் இந்த மலையில் வண்டியை அவிழ்த்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

அவர் கையை எடுத்து என் தலையில் வைத்தேன். "இனிமே மலையில கியரை எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி புள்ள."

"சரி இல்ல. சத்தியம்."

"சத்தியம்." கையை எடுக்கவில்லை. தலையிலேயே வைத்திருந்தார். அப்புறம் மெதுவாக, "நீதான மிச்சம் புடின்னு சொன்ன" என்றார்.

பசியாக இருந்தது. சேலத்தில் நிறுத்தித் தட்டுவடை செட் வாங்கித் தின்றோம். காரம் அதிகம், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

பிப்ரவரி 3

வண்டி பழையபடி டீசல் குடிக்கிறது. குடிக்கட்டும்.

பிப்ரவரி 6

லூர்து பட்டறைக்குப் போனோம். முறுக்கைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டான், சும்மா தின்னுடா என்றேன். பம்ப்பை அவன் தொடவே இல்லை என்று இப்போது தெரிகிறதே.

பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது.

"என்னண்ணா, பிரேக் லைனர் இப்படித் தேஞ்சிருக்குது? தீபாவளிக்குத்தான போட்டோம். பிரேக்கு மேலயே நின்னுட்டு ஓட்டுனீங்களா?"

இவர் மேலே கட்டியிருந்த டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான், "மாத்தறதுக்கு எவ்வளவுடா ஆகும்?" என்றேன்.

சொன்னான். பின்னால் லைனர், முன்னால் பேடு, டிரம்மும் கடைசல் போட வேண்டுமாம். வண்டித் தவணை பத்தாம் தேதி. அது தவறினால் பைனான்ஸ்காரன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போவான். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்ய நான் எங்கே போவேன்?

"இப்பவே மாத்தோணுமா, கொஞ்சம் தாங்குமா?" என்றேன்.

"தாங்குங்க்கா. ரொம்ப நாளைக்கு விடாதீங்க. லோடோட மலை எறங்கறப்ப பாத்து."

"நாங்க எறங்கறப்ப எப்பவும் வெறும் வண்டிதான்டா" என்றேன். "டீசல் காசு வந்ததும் மொத வேலை லைனர்தான். சாமானை வாங்கி வை, வந்துர்றோம்."

லூர்து தலையை ஆட்டினான். இவரும் ஆட்டினார். திரும்பி வரும்போது ரேஷனில் பருப்பு போடுகிறார்கள் என்றார்கள், போய் நின்று வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 11

இவர் கேட்பார் என்று காத்திருந்தால் எனக்குத் தலை நரைக்கும். நானே ஆபீசுக்குப் போய்விட்டேன்.

சூப்பர்வைசர் கிருபாகரன் சார் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. "சார், டீசல் ஏறினது ஊருக்கே தெரியுது. உங்களுக்கு மட்டும் தெரியலையாட்ட இருக்குது" என்றேன். பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, கம்பெனில இருந்து எங்களுக்கே இன்னும் ஓகே ஆகல. மேல பேசிட்டிருக்கோம்."

"எப்ப ஆகுமுங்க?"

"மாசக் கடைசிக்குள்ள பாக்கறேங்க்கா. ஆனா ஒண்ணாந் தேதில இருந்து கணக்குப் போட்டு மொத்தமா வந்துரும், ஜனவரி ஒண்ணுல இருந்து."

"எழுதித் தர்றீங்களா?"

சிரித்தார். "வெள்ளிங்கிரி அண்ணன் வாயே தொறக்க மாட்டாரு. நீங்க சேத்து வெச்சுக் கேக்கறீங்க" என்றார்.

வெளியே வந்தால் வாசலில் ஏழெட்டு வண்டிக்காரர்கள். என்னாச்சுங்க்கா, என்னாச்சுங்க்கா என்று சூழ்ந்துகொண்டார்கள். வருமாம் என்றேன். இவர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றிருந்தார்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "கேட்டுப்போட்டாளே, என்ற பொண்டாட்டி கேட்டுப்போட்டாளே" என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14

கேஸ் தீர்ந்துவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்திருக்கிறேன். தொப்பூரில் இன்றைக்கு மூன்றாவது கியரிலேயே இறங்கினார், நான் போர்டுகளை வாசித்தேன். நியூட்ரல் போர்டு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக வாசித்தோம். சின்னப் பிள்ளைகள் மாதிரி.

பிப்ரவரி 18

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாதாம். டாக்டரம்மா இதைச் சொன்னதும் இவர், "ஒரு வாரம்னு எழுதிக் குடுங்க மேடம்" என்றார். அந்த அம்மாவும் சிரிக்கிறது. எனக்கு வலியில் சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் குரூப்பில் லோடு விழுந்தது. "அர்ஜென்ட், ஓசூர், விடியால அஞ்சு மணி." பழக்க தோஷம், "ரெடி" போட்டுவிட்டேன்.

நானும் வருகிறேன் என்று கையைக் காட்டினேன். "பேசாம வர்றதுக்கு நீ எதுக்குப் புள்ள? வாய் வீங்கிக் கெடக்குது. படு" என்றார். என் தலையைத் தொட்டு, "கியரை எடுக்க மாட்டேன். போதுமா?" என்றார்.

பிப்ரவரி 19

விடிகாலையில் கிளம்பிவிட்டார். சிவப்பு பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

பவானியில் ஒரு தடவை நிறுத்திப் போன் செய்தார். மேட்டூர்ப் பக்கம் மழை மேகமாக இருக்கிறது, ஒரு லாரிக்காரன் ஆடு ஏற்றிக்கொண்டு போகிறான், அதில் ஒன்று நம் மாப்பிள்ளை சாடையில் இருக்கிறது என்று ஏதேதோ சொன்னார். நான் "ம்", "ம்" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "பாத்தயா, எனக்கும் பேச வருது. நீ எடம் குடுக்கல" என்றார்.

மதியம் மறுபடியும் கூப்பிட்டார். கொண்டுபோன லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போன வாரம் கொண்டுபோன சாமான் அளவு சரியில்லை என்று அங்கே தள்ளிவிட்டார்களாம். அதைத் திருப்பிக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போக முடியுமா என்று கேட்கிறார்களாம். ரிட்டன் லோடு!

"வெயிட்டு கொஞ்சம் ஜாஸ்தி புள்ள. ஏத்தட்டுமா, வேண்டாமா?"

"ம்" என்றேன்.

"ம்னா ஏத்தலாமா?"

"ம்."

"சரி. பொழுது சாய வந்துருவேன். ரசம் மட்டும் வெய்யி."

ரசம் வைத்துவிட்டேன். பஞ்சை எடுத்தாயிற்று, ரத்தம் இல்லை. மெதுவாகப் பேசிப் பார்த்தேன், பேச வருகிறது. வந்ததும் முதலில் அந்த ஆட்டுச் சமாசாரத்துக்குத் திட்ட வேண்டும்.

தருமபுரி நம்பரிலிருந்து போன் வருகிறது. அவர் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும், யாருடையதையோ வாங்கிக் கூப்பிடுகிறார்.

மார்ச் 9

காரியமும் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மோகனா மட்டும் இருக்கிறாள். டைரி அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. யார் அங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. "நியூட்ரல்ல எறக்கியிருப்பான். டீசலுக்கு ஆசைப்பட்டு எல்லாரும் பண்றதுதான்." ஆபீசிலிருந்து மாலை கொண்டுவந்த கிருபாகரன் சாரும் வாசலில் நின்று யாரிடமோ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தொப்பூரில் கடைசி வளைவில் வண்டி நிற்காமல் சுவரில் மோதியிருக்கிறது. வேறு யாருக்கும் அடி இல்லை. அந்த மட்டில் நல்லது என்று சொல்கிறார்கள். எந்த மட்டில்?

என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு அப்படிச் செய்திருப்பாரா? முந்தின நாள் சாயங்காலம்கூடத் தொட்டுச் சொன்னாரே. இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போனதைவிட அது பெரிதாகப்படுகிறது. இப்படி ஒரு பைத்தியக்காரி உண்டா? அவர் பொய் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும்.

மார்ச் 14

வண்டிக் காகிதங்களில் கையெழுத்துப் போட மோகனாவோடு பஸ்ஸில் தொப்பூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பழக்க தோஷம், வழியெல்லாம் போர்டுகளை வாசித்துக்கொண்டே போயிருக்கிறேன். மோகனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போதும்மா" என்றாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் வண்டி நிற்கிறது. நான் பார்க்கவில்லை. மோகனா பார்த்துவிட்டு வந்து வாந்தி எடுத்தாள்.

வண்டியை இழுத்து வந்த கிரேன்காரர் அங்கேதான் இருந்தார். வயசானவர், பீடி பிடித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். "அண்ணா, வண்டி நியூட்ரல்ல இருந்துதுங்களா?"

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாருமா வந்து இழுத்தாங்க? நான்தானம்மா இழுத்தேன். மூணாவது கியர்ல இறுகிக் கெடந்துச்சு. நியூட்ரல் பண்ணலாம்னு தடியப் புடிச்சு ஆட்டறோம், அசைய மாட்டேங்குது. அப்புறம் பின் சக்கரத்தத் தூக்கிக் கட்டித்தான் கொண்டாந்தோம். நியூட்ரல்ல இருந்தா எனக்கு என்னாத்துக்கு அவ்ளோ பாடு?"

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவர் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். எடுக்கவில்லை! கியரை எடுக்கவில்லை. என்ற புருசன் சொன்ன சொல்லை மீறவில்லை. மோகனாவிடம் சொன்னேன், போனில் மாப்பிள்ளையிடம் சொன்னேன், டீக் கொண்டுவந்த அம்மாவிடம்கூடச் சொன்னேன். ஓடிப்போய் எல்லோர் முகத்திலும் அடிக்கிற மாதிரிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

கிரேன்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "நல்லாத்தான் எறக்கியிருக்காரும்மா. பிரேக்குதான். பெடலு அடிவரைக்கும் போய் அப்படியே கெடந்துச்சு. நல்ல வெயிட்டு வேற. ஆளு கடைசி வரைக்கும் மிதிச்சுட்டேதான் இருந்திருக்காரு. சாமானெல்லாம் ரோடு பூரா செதறி, பசங்க பொறுக்கிட்டுப் போனானுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஒன்றும் வாசிக்கவில்லை.

மார்ச் 15

எழுத ஒன்றும் இல்லை. ரசப் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

மார்ச் 19

குரூப்பிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை. இன்றைக்குக் கிருபாகரன் சார் போட்டிருக்கிறார். "டீசல் சர்சார்ஜ் ஓகே ஆகிவிட்டது. ஜனவரி ஒன்று முதல் நிலுவை அவரவர் கணக்கில் வரும்." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஒருத்தர், "துளசியக்காவுக்கு நன்றி" என்று போட்டிருக்கிறார். அதற்குக் கீழே யாரும் ஒன்றும் போடவில்லை.

அப்புறம் சார் தனியாகப் போன் செய்தார். கணக்கில் போட்டாயிற்று, கடைசி டிரிப்பில் போன தூரத்துக்கு மட்டும் சேர்த்திருக்கிறது, வந்த தூரம் சேராது என்றார். லோடு டெலிவரி ஆகவில்லையாம்.

"சரிங்க" என்றேன். சண்டை போடத் தெம்பில்லை. என் வாய்க்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

மார்ச் 20

காலையில் பேங்குக்குப் போய்ப் பணம் எடுத்தேன். பேங்கிலிருந்து நேராக லூர்து பட்டறைக்கு நடந்தேன்.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். உட்கார ஸ்டூல் போட்டான். டீ சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

"அந்த சாமான் வாங்கி வெக்கச் சொன்னேனேடா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராக்கில் மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தான். மேலே பேனாவில் "வெள்ளிங்கிரி அண்ணன்" என்று எழுதியிருந்தது. மாவு மாதிரி தூசி.

"நீங்க சொன்ன மறுநாளே வாங்கிட்டேங்க்கா. விடுங்க்கா. இதைக் கடைல திருப்பிக் குடுத்துர்றேன்."

"எவ்வளவு?"

"அக்கா, வேண்டாங்க்கா."

"எவ்வளவுன்னு சொல்லு லூர்து."

சொன்னான். எண்ணி அவன் கையில் வைத்தேன். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுகிறான், அவ்வளவு பெரிய பையன். ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "லக்கேஜ் என்னங்க?" என்றார். வண்டிச் சாமான் என்றேன். வீட்டில் அவர் போட்டோவுக்குக் கீழே வைத்திருக்கிறேன், சிவப்பு பிளாஸ்க் இருந்த இடத்தில்.

டீசல் காசு வந்ததும் மொத வேலை லைனர்னு சொன்னேன்ல. வாங்கிட்டேனுங்க.